முதல் குறும்படம் முடிந்துவிட்டது: விழாக்களுக்குப் பணம் கட்டுவதா, அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வதா?

கொரட்டூர்க்காரி எழுதியது:

வணக்கம். அண்ணா நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பாலிசிதாரர் இறந்த பிறகு குடும்பத்தினர் கொண்டுவரும் காகிதங்களைச் சரிபார்க்கும் பிரிவு. சினிமாவில் எனக்கு யாரையும் தெரியாது. போன ஆண்டு ஒரு குறும்படம் எடுத்தேன். நீளம் 16 நிமிடம் 20 விநாடி.

களம், நான் தட்டச்சுப் பழகிய வில்லிவாக்கத்துப் பயிலகம். முதுநிலைத் தேர்வில் தவறிக்கொண்டே இருக்கும் ஒரு பெண். ரெமிங்டன் இயந்திரங்களை எடைக்குப் போட ஆள் பேசிவிட்ட உரிமையாளர். பிப்ரவரித் தேர்வு முடியும்வரை இரண்டு இயந்திரங்களையாவது விட்டுவையுங்கள் என்று அவள் கேட்கிறாள். கதை அவ்வளவுதான். அந்தப் பெண்ணாக நடித்தவள் என் சித்தி மகள். உரிமையாளராக நடித்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கோயில் திருவிழா நாடகங்களில் வேடம் கட்டிப் பழகியவர் என்பதால், முதல் நாள் முழுக்கக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படியே பேசினார். கேமரா, கல்யாணங்களைப் படம்பிடிக்கும் கல்லூரி நண்பனுடையது. மொத்தச் செலவு 38,000 ரூபாய். படப்பிடிப்பில் பதிவான வசனத்தைத் தட்டச்சு ஓசையும் மின்சார ரயிலும் விழுங்கிவிட்டதால், எல்லாவற்றையும் சாலிகிராமத்தில் டப்பிங் செய்தோம்.

இப்போது மூன்று குழப்பங்கள். ஐரோப்பிய நகரம் ஒன்றின் பெயரைச் சூடிய ஒரு விழாவிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. ‘சிறந்த அறிமுக இயக்குநர்’ பிரிவில் என் படம் வென்றுவிட்டதாம். சான்றிதழும் கோப்பையும் வேண்டுமானால் 90 டாலர் அனுப்ப வேண்டுமாம். அப்பா இப்போதே கூடத்துச் சுவரில் ஆணி அடிக்க இடம் பார்த்துவிட்டார். கட்டலாமா?

இரண்டாவது, படத்தை யூடியூபில் இப்போதே போடலாமா, காத்திருக்க வேண்டுமா? போட்டுவிட்டால் விழாக்கள் ஏற்காது என்று ஒருவர் சொல்கிறார். போடாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று இன்னொருவர் கேட்கிறார். இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுப்பது. ஏலச்சீட்டு எடுத்ததில் 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. அதை வைத்து இரண்டாவது படம் எடுக்கலாம். அல்லது அந்தப் பணத்தைச் சில மாதச் செலவுக்கு வைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு யாரிடமாவது உதவி இயக்குநராகச் சேர முயலலாம். எனக்கு 27 வயது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். படத்தின் தனி இணைப்பைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.

கிளாப் பலகை எழுதியது:

சகோதரி, உதவி இயக்குநராகச் சேருங்கள். பல ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, இப்போது தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இணை இயக்குநராக இருப்பவன் சொல்கிறேன்.

குறும்படத்தில் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் நண்பர்கள். ‘இன்னொரு முறை எடுக்கலாமா’ என்றால் சரி என்பார்கள். பெரிய படப்பிடிப்பில் நூறு பேர் நிற்பார்கள், ஒரு நடிகர் நான்கு மணிக்குக் கிளம்பியாக வேண்டும், வெயில் இறங்கிக்கொண்டிருக்கும், நாயகியின் கம்மல் காலையில் எடுத்த காட்சியில் வேறாக இருந்தது என்று அப்போதுதான் யாரோ சொல்வார்கள். அந்த நேரத்தில் எந்த ஷாட்டை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிவதுதான் தொழில். அதை யாரும் பாடமாக நடத்துவதில்லை. கன்டினியூட்டி (காட்சிக்குக் காட்சி உடை, பொருள் மாறாமல் இருக்க எடுக்கும் குறிப்பு) எழுதி, கிளாப் அடித்து, கூட்டத்தை நிறுத்தி, திட்டு வாங்கித்தான் வரும்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள். முதல் ஆண்டுகளில் சம்பளம் என்று பேர் சொல்லும்படி எதுவும் இருக்காது. படப்பிடிப்பு நாள்களில் பேட்டா கிடைக்கும். கதை விவாதம் நடக்கும் மாதங்களில் அதுவும் இருக்காது, டீ இருக்கும். 60,000 ரூபாய் அதற்குத்தான் உதவும். பெண் உதவி இயக்குநர்கள் முன்பைவிட இப்போது அதிகம். ஆனாலும் இரவுப் படப்பிடிப்பு முடிந்து கொரட்டூர் திரும்ப வண்டிக்கு யார் பொறுப்பு என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

விழாவைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. எந்தத் தயாரிப்பாளரும் என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை.

ஐந்தாவது டேக் எழுதியது:

கொரட்டூர்க்காரி, உங்கள் படத்தின் இணைப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். விருகம்பாக்கத்தில் இருக்கிறேன். ஐந்து குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவமனைகளுக்குப் பயிற்சிப் படங்களும் கல்லூரிகளுக்கு விளம்பரப் படங்களும் எடுக்கிறேன். ‘கை கழுவும் முறை’ பற்றி நான் எடுத்த நான்கு நிமிடப் படத்தைப் பார்த்தவர்கள், என் ஐந்து குறும்படங்களையும் சேர்த்துப் பார்த்தவர்களைவிட அதிகம். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

முதலில் அந்த 90 டாலர். கட்டாதீர்கள். விழா என்றால் ஓர் ஊர், அதில் ஒரு திரையரங்கு, அதில் நாற்காலிகள், நாற்காலிகளில் ஆட்கள் இருக்க வேண்டும். போன ஆண்டு எந்த அரங்கில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தப் படம் ஓடியது என்ற அட்டவணை அவர்களுடைய இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதந்தோறும் விருது, எண்ணி முடியாத பிரிவுகள், வென்ற பிறகு கோப்பைக்குத் தனிக் கட்டணம் என்று இருந்தால், அவர்கள் நடத்துவது விழா அன்று, அச்சகம். விழாக்களுக்குப் படம் அனுப்பப் பயன்படும் ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்களில் நல்ல விழாக்களும் இவையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்துக் கிடக்கும். பொறுக்கி எடுப்பது நம் வேலை. அப்பாவுக்காக அந்த ஆணியில் படத்தின் சுவரொட்டியை மாட்டுங்கள். தமிழாசிரியரின் முகம் அதில் நன்றாக விழுந்திருக்கிறது.

பிரான்சின் கான் திரைப்பட விழா என்ற பெயரைக் கேட்டாலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அங்கே குறும்படங்களுக்கான போட்டிப் பிரிவு இருக்கிறது. 15 நிமிடத்துக்கு மேற்பட்ட படம் அதற்குத் தகுதி பெறாது. ஷார்ட் ஃபிலிம் கார்னர் என்பது வேறு. அது சந்தை. பணம் கட்டிப் பதிவு செய்த படங்கள் அங்கே பார்வைக்கு இருந்தன. சந்தைக்குப் போவது ஒன்றும் குற்றமில்லை. அந்தப் பதிவை வைத்துக்கொண்டு வடபழனியில் ‘கான் விழாவில் தேர்வான படம்’ என்று சுவரொட்டி அடித்ததுதான் வேடிக்கை. விழாக்களின் முத்திரையான இலை வளையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் படத்தின் பெயரே தெரியாத சுவரொட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, எங்கே அனுப்பலாம்? உங்கள் படத்துக்கு நான் முதலில் நினைத்தது திருவனந்தபுரம். கேரள மாநிலச் சலச்சித்திர அகாடமி 2008 முதல் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் என்றே தனியாக ஒரு சர்வதேச விழா நடத்துகிறது. படம் தேர்வாகாவிட்டாலும் பிரதிநிதியாகப் பதிவு செய்துகொண்டு போய் உட்காருங்கள். சென்ட்ரலில் மாலையில் திருவனந்தபுரம் மெயில் ஏறினால், மறுநாள் பகலில் தம்பானூரில் இறங்கி, நடந்தே கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளுக்குப் போய்விடலாம். கல்லூரிப் பிள்ளைகளும் வேட்டி கட்டிய பெரியவர்களும் ஒரே வரிசையில் நின்று குறும்படம் பார்க்க வருவார்கள். படம் பிடிக்கவில்லையென்றால் வெளியே வந்து இயக்குநரிடமே காரணம் சொல்வார்கள். நம் ஊரில் படம் முடிந்ததும் தோளில் தட்டி ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

மும்பையில் ஆவணப்படம், குறும்படம், அசைவூட்டப் படங்களுக்கான சர்வதேச விழா 1990 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. பெங்களூரில் 2010-இல் தொடங்கிய குறும்பட விழா, ஆஸ்கர் குறும்படப் பிரிவுக்குத் தகுதி தரும் விழாக்களில் ஒன்று. ஆஸ்கர் என்றதும் பயப்பட வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம். அங்கே பல நாட்டுப் படங்களுக்கு நடுவே உங்கள் படம் எப்படி நிற்கிறது என்று தெரியும், அதற்காக அனுப்புங்கள். பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் குறும்படத்துக்கென்றே நடக்கும் பெரிய விழா. இப்படி நான்கைந்து இடங்களுக்கு மேல் இந்தப் படத்துக்குச் செலவழிக்காதீர்கள். ஓர் ஆண்டு காத்திருங்கள். சில விழாக்கள், இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருக்கும் படத்தை ஏற்பதில்லை, சில கண்டுகொள்வதில்லை. விதிமுறையை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படியுங்கள். ஆண்டு முடிந்ததும் யூடியூபில் போட்டுவிடுங்கள். பெட்டியில் பூட்டி வைத்த படத்தால் யாருக்கும் பயனில்லை.

இன்னொரு காகித வேலை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. யூடியூபுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை என்பதால் குறும்படத்துக்கே தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தேசியத் திரைப்பட விருதுக்கு அனுப்ப வேண்டுமானால், அந்த ஆண்டுக்குள் தணிக்கை வாரியச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சென்னையில் அலுவலகம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனில் இருக்கிறது. விண்ணப்பம் இணையத்திலேயே செய்யலாம். உங்கள் படத்தில் ஜன்னலோரம் ஒரு பூனை வருகிறதே, அதற்குக்கூட விலங்கு நல வாரியத்தின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அந்தப் பூனை தானாக வந்ததா, நீங்கள் கொண்டுவந்ததா என்று எனக்குத் தெரியாது. படத்துக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. எடுத்துவிடலாம்.

பூனையை எடுக்கும்போது முதல் இரண்டு நிமிடத்தையும் பாருங்கள். ரயில் நிலையம், மேம்பாலம், தெரு, பெயர்ப்பலகை, படிக்கட்டு, பிறகுதான் அந்தப் பெண்ணின் விரல்கள். விரல்களிலிருந்தே படம் தொடங்கலாம். கானின் 15 நிமிடக் கணக்குக்காகச் சொல்லவில்லை. அந்த இரண்டு நிமிடம் வில்லிவாக்கத்தைக் காட்டுகிறது, உங்கள் படத்தைக் காட்டவில்லை. உரிமையாளர் ஒரு சொல்லும் பேசாமல் ரிப்பனைக் கழற்றிச் சுற்றுகிற இடம் இருக்கிறதே, அதில் ஒரு நொடியைக்கூடத் தொடாதீர்கள். ஐந்து படம் எடுத்தவன் பொறாமையோடு சொல்கிறேன்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. கிளாப் பலகை அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. அவர் சொல்வது ஒரு வழி. குறும்படத்தை அறிமுக அட்டையாக நீட்டுவது இன்னொரு வழி. அது எங்கள் தலைமுறையைப் பிடித்து ஆட்டியது. 2009-இல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ என்ற குறும்படப் போட்டி நிகழ்ச்சி தொடங்கியது. அதில் படம் எடுத்துக் காட்டிய கார்த்திக் சுப்புராஜும் பாலாஜி மோகனும் 2012-இல் இயக்குநர்களாக வந்தார்கள், நலன் குமரசாமியும் அல்போன்ஸ் புத்திரனும் 2013-இல் வந்தார்கள். பாலாஜி மோகன் தன் குறும்படத்தையே முழுநீளப் படமாக்கினார். அந்த இரண்டு ஆண்டுகளில் கோடம்பாக்கத்துத் தேநீர்க் கடைகளில் எல்லோர் பையிலும் ஒரு பென் டிரைவ் இருந்தது, என் பையிலும்தான். திறமையும் காலமும் ஒன்றாகக் கூடிவந்த வாசல் அது. அவர்கள் நுழைந்தார்கள், பின்னால் வந்த கூட்டம் அந்த வாசலுக்கு ஏற்ற மாதிரியே படம் எடுக்கத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் ஒரு காதல், ஒரு கொலை, கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம். முழுநீளப் படத்தை வெந்நீரில் துவைத்துச் சுருக்கிய மாதிரி இருக்கும்.

உங்கள் படம் அப்படி இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். குறும்படம் தன்னளவில் ஒரு வடிவம். படத்தொகுப்பாளராகப் பெரும்பெயர் பெற்ற பீ. லெனின் 1992-இல் ஒரு குறும்படத்தை இயக்கினார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. யாரிடம் நீட்டுவதற்கு அவருக்கு அறிமுக அட்டை வேண்டியிருந்தது?

வேலையை விடாதீர்கள். சம்பளம் வருகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இறந்துபோனவர்களின் காகிதங்கள் நாள்தோறும் உங்கள் மேசைக்கு வருகின்றன. வாரிசுதாரர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் ஒரு மனைவி மறுபடி மறுபடி வருவார். அவர் எந்த நாற்காலியில் உட்காருவார், காகிதங்களை எந்தப் பையில் கொண்டுவருவார், அலுவலகத்தில் யார் அவருக்குத் தண்ணீர் கொடுப்பார், யார் தலைநிமிர மாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். சாலிகிராமத்தில் கதை விவாத அறைகளில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது மற்ற படங்கள். தட்டச்சுப் பயிலகத்தை நீங்கள் வெளியிலிருந்து போய்ப் பார்த்து எடுக்கவில்லை. அங்கே விரல் வலிக்க உட்கார்ந்தவர் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. இரண்டாவது படமும் அப்படி நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து வரட்டும். உண்மையான வாடிக்கையாளரின் பெயரையோ ஆவணங்களையோ தொடாதீர்கள். அலுவலகத்தைச் செட் போட வேண்டியதில்லை, ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் போதும்.

60,000 ரூபாயில் இரண்டு நாள் படப்பிடிப்பு தாராளமாக நடத்தலாம். நான் பிரிப்பதானால் கால்பங்கை ஒலிக்கு ஒதுக்குவேன்: ஒலிப்பதிவாளர், அவருடைய கருவிகள், பிறகு மிக்சிங். கேமரா நண்பனுக்குப் பணம் கொடுங்கள். முதல் படத்துக்கு நட்பு, இரண்டாவது படத்துக்குக் கூலி. சாப்பாட்டில் கஞ்சம் வேண்டாம், மதியம் இரண்டு மணிக்குப் பிறகு தரப்படும் சோறு அடுத்த நான்கு ஷாட்டையும் கெடுக்கும். நிறத்திருத்தத்துக்கு டாவின்ச்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். மீதியில் ஒரு பகுதியை ஆங்கிலத் துணையெழுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நீங்களே எழுதாதீர்கள். உங்கள் இப்போதைய படத்தில் தமிழாசிரியர் பேசும் அழகான வசனம், துணையெழுத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்து அறிவிப்பைப் போல் இருக்கிறது. தமிழ் தெரியாத தேர்வாளர் படிக்கப்போவது அதைத்தான்.

ஒலிப்பெட்டி எழுதியது:

ஒலிக்குக் கால்பங்கு என்று ஓர் இயக்குநர் எழுதியதைப் பார்த்து, இரண்டு முறை படித்தேன். நான் ஒலிப்பதிவாளர். குறும்படக்காரர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் எல்லாம் எடுத்து முடித்த பிறகு, ‘அக்கா, இதைக் கொஞ்சம் சரி செய்ய முடியுமா’ என்று.

தங்கை, எனக்கும் இணைப்பு அனுப்பியதற்கு நன்றி. டப்பிங் மோசமில்லை. உங்கள் சித்தி மகளின் குரல் நன்றாகவே பொருந்துகிறது. குறை எங்கே என்றால், தட்டச்சு ஓசை எல்லாக் காட்சியிலும் ஒரே ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டியது. ஒரு பயிலகத்தில் பத்துப் பேர் தட்டினால் பத்து வேகம் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் ஒவ்வோர் எழுத்தையும் தேடிக் குத்துவார். முதுநிலைக்காரர் தட்டுவது மழை போலக் கேட்கும். வரி முடிவில் மணி அடிக்கும், உருளையை இழுத்துத் தள்ளும் ஓசை தனியாக வரும். அந்தப் பெண் தவறு செய்யும்போது ஓசை தடுமாற வேண்டுமல்லவா? இயந்திரங்கள் இன்னும் எடைக்குப் போகாமல் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். கையடக்கப் பதிவுக் கருவி ஒன்று வாடகைக்குப் போதும். ரிப்பன் சுற்றும் அந்தக் காட்சிக்கு ரிப்பன் சுற்றும் ஓசை மட்டும் வேண்டும். இப்போது அங்கே வயலின் அழுகிறது. அதை நிறுத்துங்கள்.

அடுத்த படத்துக்குச் சில விஷயங்கள். இடம் பார்க்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஆடி மாதத்தில் சென்னையில் நேரடி ஒலிப்பதிவு வைக்காதீர்கள். எந்தத் தெருவில் கூழ் ஊற்றுகிறார்கள், எங்கே ஒலிபெருக்கி கட்டுகிறார்கள் என்று முன்கூட்டித் தெரியாது, நிறுத்தச் சொல்லவும் முடியாது. சொல்லவும் கூடாது. காலையில் காகம், எட்டு மணிக்குக் குக்கர், பதினொன்றுக்குப் பழைய இரும்பு வாங்குபவரின் ஒலிபெருக்கி. பிற்பகல் ஒன்றரை முதல் மூன்றரை வரை பல தெருக்கள் அடங்கியிருக்கும். முக்கியமான வசனத்தை அப்போது வையுங்கள். மின்விசிறியை நிறுத்தினால் நடிகர் முகம் வியர்க்கும், அதற்கு ஒருவர் துண்டோடு நிற்கட்டும். குளிர்பதனப் பெட்டியை அணைக்கும்போது உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். வீட்டுக்காரரின் பால் கெடாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. சாவியை எடுக்காமல் உங்களால் வீட்டுக்குப் போக முடியாது.

ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் அறையின் ஓசையை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். எல்லோரும் முகம் சுளிப்பார்கள், தொகுப்பு மேசையில் உங்களைக் கும்பிடுவார்கள்.

கிளாப் பலகை எழுதியது:

ஐந்தாவது டேக் நண்பர் அழகாக எழுதுகிறார். ஆனால் நூறு பேரை வைத்து வேலை வாங்கும் நாள் வரும்போது காப்பீட்டு அலுவலக அனுபவம் கைகொடுக்குமா? இரண்டு நாள் படம் வேறு, நாற்பது நாள் படம் வேறு. வேலையை விடாமலே ஒன்று செய்யலாம். விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு முழு ஷெட்யூல் வந்து நின்று பாருங்கள். எங்கள் தொடரில் ஒரு நாளில் எத்தனை காட்சி எடுக்கிறோம் என்று பார்த்தால் இரண்டு நாள் படப்பிடிப்பு என்பதே உங்களுக்கு ஆடம்பரமாகத் தோன்றும். விருப்பமிருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், தயாரிப்பு நிர்வாகியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

ஐந்தாவது டேக் எழுதியது:

அண்ணன் சொன்ன இந்த வழி நல்ல வழி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஷெட்யூலோடு திரும்பி வந்துவிடட்டும்.

கொரட்டூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 90 டாலர் கட்டவில்லை. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ‘அப்படியானால் அந்த ஊரே இல்லையா’ என்று கேட்டார். ஊர் இருக்கிறது, விழாதான் இல்லை என்றேன்.

இயந்திரங்களில் மூன்று இன்னும் பயிலகத்தில் இருக்கின்றன. உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வேலையை இப்போதைக்கு விடவில்லை. கிளாப் பலகை அண்ணா, மே மாதத்தில் எனக்கு விடுப்பு கிடைக்கும், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். அக்கா, வயலினை எடுத்துவிட்டுப் பார்த்தேன். என் நண்பனுக்குக் கோபம், அவன் தம்பி வாசித்தது.

பூனை தானாக வந்ததுதான். எடுத்தாயிற்று.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. உரிமையாளர் மேசையில் ஒரு வானொலி இருக்கிறது, அதில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று மெல்லியதாகக் கேட்கும். பின்னணியில்தானே, அரை நிமிடம்தானே என்று விட்டுவிட்டோம். பாட்டு வெளிவந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். பிரச்சினை வருமா? வருமென்றால், அதற்குப் பதில் பாரதியார் பாட்டு போடலாமா?

ஐந்தாவது டேக் எழுதியது:

வரும். ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை அவர்கள் மறைந்து 60 ஆண்டுகள்வரை. அரை நிமிடம் என்றாலும், மெல்லியதாகக் கேட்டாலும், யூடியூபின் தானியங்கிச் சோதனை கண்டுபிடித்துவிடும். விழாக்களுக்கு அனுப்பும்போது, படத்தில் உள்ள இசைக்கெல்லாம் உரிமை பெற்றிருக்கிறேன் என்று நீங்கள் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருக்கும். பொய்க் கையெழுத்துப் போட வேண்டாம்.

பாரதியார் வரிகளுக்குத் தடையில்லை. 1949-இலேயே அரசு அவற்றை நாட்டுடைமையாக்கிவிட்டது. ஆனால் நாம் கேட்டுப் பழகிய மெட்டு வேறு ஒருவருடையது, பதிவு இன்னொரு நிறுவனத்துடையது. உங்கள் தமிழாசிரியரே மெட்டில்லாமல் படித்தால் யாரும் எதுவும் கேட்க முடியாது. அந்தக் காட்சிக்கு அது பொருந்துமா என்றால், பொருந்தாது என்பேன். பயிலகத்தை மூடப்போகிறவர் மேசையில் பாரதியார் ஒலித்தால், பார்ப்பவருக்குக் கை பிடித்து அர்த்தம் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வானொலியில் செய்தி ஓடட்டும். ஆகாசவாணியிலிருந்து எடுக்காதீர்கள், அதற்கும் உரிமை உண்டு. தங்கம் விலை, புழல் ஏரி நீர்மட்டம், நாளைய வானிலை என்று நீங்களே ஒரு பக்கம் எழுதி, ஒலிப்பெட்டி அக்காவை வாசிக்கச் சொல்லுங்கள். குரல் நன்றாக இருக்கும், பணமும் வாங்கமாட்டார்.

ஒலிப்பெட்டி எழுதியது:

வாசிக்கிறேன். பணம் வாங்குவேன்.